பதினாலாம் பக்கம்

அந்தப் புத்தகம் எத்தனை பக்கங்க? அறுநூறா? அறுநூத்திச் சொச்சமா! அம்மாடி. இல்ல இல்ல, நீங்க படிங்க, நான் தொந்தரவு பண்ணல. சும்மா கேட்டேன். பழனிக்குத்தானே போறீங்க? நானும் பழனிதான். ஒரு மணி நேரம் ஆகும். மடத்துக்குளத்துல ரோடு வேலை நடக்குதாம், ஒன்னேகாலே ஆனாலும் ஆகும்.

ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? இதை நீங்க இப்படி வரி வரியா உக்காந்து படிக்கணும்னே இல்ல கண்ணு. போன்ல போட்டுட்டா அஞ்சு நிமிஷத்துல சுருக்கிக் கையில குடுத்துரும். சிரிக்கறீங்க பாருங்க. நானும் மொதல்ல இப்படித்தான் சிரிச்சேன். இப்ப அதனாலதான் எனக்குக் கல்யாணமே. ஆமாங்க, எனக்குத்தான். நாப்பத்தேழு வயசுல. நாப்பத்தேழு முடிஞ்சு எட்டு நடக்குது, அது வேற.

மூடி வெச்சுட்டீங்களா புத்தகத்தை? நல்லது. சொல்றேன்.

உடுமலைல வசுமதி மேட்சிங் சென்டர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பிளவுஸ் பிட்டு, லைனிங் துணி, சேலைக்கு ஃபால்ஸு, எல்லாம். வசுமதி நாந்தான். ஒரு சேலையைக் காட்டினா போதும், அலமாரில இருக்கற நூறு பச்சையில இதுக்கு எந்தப் பச்சைன்னு திரும்பிப் பாக்காமயே கை நீட்டி எடுத்துருவேன். நீங்க போட்டிருக்கற பிளவுஸ் அந்தச் சேலைக்கு ஒரு பொட்டு கம்மிங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அப்புறம் வாங்க கடைக்கு. கலரு என்கிட்ட தப்பவே தப்பாது. எழுத்துதான் ஆகாது. ரெண்டு பக்கம் தாண்டினா கண்ணு சொக்கிரும். இஸ்கோல்லயே அப்படித்தான்.

எங்க வீட்டுக்காரரு போயி ஒம்பது வருஷமாச்சு. ஒரே பொண்ணு, தாரிணி, ஓசூர்ல கம்பெனில இருக்கா. அவதான் போன்ல இந்த ஏஐ சமாச்சாரத்தைப் போட்டுக் குடுத்தா. "நீளமா எது வந்தாலும் இதுல போடும்மா, சுருக்கிச் சொல்லும்"ன்னா. வியாபாரிகள் சங்கத்துச் சுற்றறிக்கை நாலு பக்கம் வரும், போட்டேன். "செவ்வாய்க்கிழமை கடையைச் சீக்கிரம் மூட வேண்டும்"னு ஒரே வரி வந்துது. எனக்கு அப்படியே அந்தப் போனைக் கொஞ்சணும் போல இருந்துது. இத்தனை வருஷமா இந்த ஜனங்க ஏன் இப்படி வளவளன்னு எழுதறாங்கன்னு தோணுச்சு. எனக்கு வளவளன்னு இருந்தாலே ஆகாதுங்க. சுருக்கமாச் சொல்லிட்டுப் போயிரணும். என்ன?

எங்க விட்டேன்? ஆங், திருமூர்த்தி.

போன புரட்டாசில ஒருத்தரு கடைக்கு வந்தாரு. அம்பது அம்பத்திரண்டு இருக்கும். பழனில இருக்கற அவங்க அக்காவுக்கு பிளவுஸ் பிட்டு வேணும், ஆனா சேலையைக் கொண்டு வரல. "என்ன கலருங்க?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "மழை பேஞ்சு மறுநாள் சோளத்தட்டு இருக்குமே, அந்தக் கலருங்க"ன்னாரு. நான் அப்படியே நின்னுட்டேன். இருவது வருஷமா கடை வெச்சிருக்கேன், ஒருத்தரும் கலரை அப்படிச் சொன்னதில்ல. எடுத்துக் குடுத்தேன். ரெண்டு நாள் கழிச்சு வந்து, அச்சா அதே கலருன்னாரு.

கால்நடை ஆய்வாளருங்க இந்தத் திருமூர்த்தி. கக்கத்துல எப்பவும் ஒரு புத்தகம் இருக்கும். பேச்சை வளர்க்கணுமேன்னு, "என்ன புத்தகங்க?"ன்னு கேட்டேன். முகமெல்லாம் மலர்ந்துருச்சு. "நீங்க படிப்பீங்களா?"ன்னாரு.

என் வாயி இருக்கே. "உயிருங்க"ன்னுட்டேன்.

அவ்வளவுதான். மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு, பேக்கரிக்கு மேல இருக்கற டியூசன் ஹால்ல வாசகர் வட்டம் கூடுது, அவசியம் வாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. மாசம் ஒரு நாவல். எல்லாரும் படிச்சுட்டு வந்து பேசணும். நான் போனதே அந்த பேக்கரி வெஜிடபிள் பப்ஸுக்காகத்தான், வேற ஒன்னும் இல்ல.

மொத மாசம் முந்நூறு பக்கத்து நாவல். போன்ல போட்டேன். ஒரு பக்கத்துல வந்துது. அதையும் படிக்கச் சோம்பலா இருந்துது, இன்னும் சுருக்குன்னேன். ஆறு வரி. அந்த ஆறு வரியை மனப்பாடம் பண்ணிட்டுப் போயி, "எனக்கு ஒரே ஒரு இடத்தை மட்டும் சொல்லணுங்க"ன்னு ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் பேசி உக்காந்துட்டேன். கைதட்டு! மத்தவங்க எல்லாம் அரை மணி நேரம் பேசறாங்க, நான் ஒரு நிமிஷம். செயலாளர் ஆறுச்சாமி, எல்.ஐ.சி. ஏஜெண்டு, எந்திரிச்சு "அம்மா ரொம்ப ஆழமான வாசகி"ன்னாரு. திருமூர்த்தி மூணாவது வரிசையில இருந்து திரும்பிப் பாத்தாரு. பாத்தாரு, அவ்வளவுதான். எனக்கு வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன்னே தெரியல.

மூணு மாசம் இப்படியே ராணி மாதிரி ஓட்டினேன்.

நாலாவது மாசந்தான் வந்துது வினை. "ஏழாம் மடை"ன்னு ஒரு நாவல். ஆயிரத்து நூத்தியெண்பது பக்கம். எழுதின நல்லசிவம் ஐயாவே நேர்ல வர்றாரு. புத்தகம் இப்ப எங்கயும் கிடைக்கறதில்ல. உடுமலைல லூர்துமேரி டீச்சர்கிட்ட மட்டும் ஒரு பிரதி இருக்குது. அவங்க ஹைஸ்கூல் ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டையர் ஆனவங்க, எங்க வட்டத்துல உண்மையா படிக்கறவங்க அவங்கதான்னு பேரு. ஆறுச்சாமி, எழுத்தாளர்கிட்டயே பழைய பிரதி ஒன்னு வாங்கி, ஜெராக்ஸ் கடையில குடுத்து ஸ்கேன் பண்ணி, குரூப்ல அனுப்பிட்டாரு.

அதை அப்படியே போன்ல போட்டேன். பத்து வரில குடுத்துருச்சு. கதாநாயகன் மாரய்யன். மூணு தலைமுறை, தண்ணித் தகராறு, வெள்ளம், அதெல்லாம் இருக்குது. அதுல நாலாம் பாகம் பத்தி இப்படி வந்துது, எனக்கு மனப்பாடம்: "மனைவியை இழந்த மாரய்யன் துயரத்தை மறக்கத் தேனீ வளர்க்கிறான். ஒரு பெட்டியில் ஒரு ராணிதான் இருக்க முடியும் என்பதை உணர்ந்து மறுமணத்தை மறுக்கிறான்."

எனக்குன்னா பத்திக்கிட்டு வந்துது. அதென்ன நியாயம்? கீழ இன்னொரு வரியும் இருந்துது, ராணி செத்துட்டா கூட்டம் புது ராணியை உண்டாக்கிக்கும்னு. அதைத் தெரிஞ்சுக்கிட்டே மாட்டேங்கறானே அந்த ஆளு! ரெண்டு நாள் கடையில அதே நெனப்பு. ஒரு அம்மா ராமர் பச்சை கேட்டாங்க, கிளிப் பச்சையைக் கிழிச்சுக் குடுத்துட்டேன். கடை திறந்து அதுவரைக்கும் அப்படி ஒரு தப்பு நடந்ததே இல்ல.

ஞாயித்துக்கிழமை ஹாலு நிறைஞ்சுருச்சு. எழுத்தாளரு மேடையில. என்னை மொதல்ல பேசக் கூப்பிட்டாங்க. அன்னிக்கு அந்த ஒரு நிமிஷக் கணக்கெல்லாம் மறந்துபோச்சுங்க. எந்திரிச்சேன், பொரிஞ்சு தள்ளிட்டேன். "ஐயா எழுதினது பெரிய நாவல், ஆனா மாரய்யன் பண்ணது தப்புங்க. ஒரு பெட்டிக்கு ஒரு ராணி, சரி. அந்த ராணி செத்துப்போனா மத்த தேனீயெல்லாம் பெட்டியைச் சாத்திட்டு அழுதுட்டா உக்காந்திருக்குது? ஒரு புழுவைத் தேடி எடுத்து, ஊட்டி, வேற ராணியா ஆக்கிக்குதில்ல? ஒரு ஈக்கு இருக்கற தைரியம் இந்த மனுஷனுக்கு இல்லையே! ஒம்பது வருஷம் கதவைச் சாத்திட்டு உக்காந்தா போனவங்க வந்துருவாங்களா?"

ஒம்பதுன்னு ஏன் சொன்னேன்னு எனக்கே தெரியல. சுருக்கத்துல ஆறு வருஷம்னுதான் இருந்துது. வாய் தவறி வந்துருச்சு.

பேசி முடிச்சா ஹாலே என்னைத்தான் பாக்குது. சரி, எல்லாரும் உருகிட்டாங்கன்னு நெனச்சேன். லூர்துமேரி டீச்சர் மெதுவா, "தேனீயா? எந்தப் பக்கத்துலம்மா?"ன்னாங்க.

எந்தப் பக்கமா! நாலாம் பாகம்னு சொல்ல வர்றேன், காத்துதான் வருது. அப்பப் பாருங்க, மூணாவது வரிசையில திருமூர்த்தி எந்திரிச்சாரு. மூணு மாசத்துல அவரு கூட்டத்துல வாயே திறந்ததில்ல. "இருக்குது டீச்சர். நானும் படிச்சேன். தேனீ வருது"ன்னாரு. டீச்சர் கண்ணாடிக்கு மேல அவரை ஒரு பார்வை பாத்தாங்க. பாருங்க, அப்படி ஒரு பார்வை.

அவரு சொன்னதுதான் தாமதம், ஆறுச்சாமி "ஆமாமா, அந்தத் தேனீப் பகுதி அபாரம்"ங்கறாரு. பின்னாடி இருந்து ஒருத்தரு, "நாவலோட உயிரே அதுதான்"ங்கறாரு. நல்லசிவம் ஐயாவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. மைக்கைப் பிடிச்சு, "இத்தனை வருஷத்துல ஒரு விமர்சகர்கூட அந்தத் தேனீக்களைக் கண்டுக்கல. நுட்பமான வாசகர்களுக்குத்தான் அது தட்டுப்படும்"னாரு.

டீச்சர் எந்திரிச்சு நின்னாங்க. பிரேயர்ல நிக்கற மாதிரி நேரா. "தேனீ படிச்சவங்க எல்லாம் கை தூக்குங்க"ன்னாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னா கை தானா போகுதுங்க. பதினோரு கை. எண்ணிப் பாத்துட்டு, பையில இருந்து அந்தத் தடிப் புத்தகத்தை எடுத்து மேசைமேல தொப்புன்னு போட்டாங்க. "நான் ரெண்டு தடவை படிச்சிருக்கேன். இந்தப் புத்தகத்துல ஒரு ஈகூட இல்ல."

அப்புறந்தான் ஆறுச்சாமி போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாரு. நானூத்திப் பன்னெண்டாம் பக்கத்துக்கு அடுத்து "தேன் பெட்டிப் பராமரிப்பு, பாடம் ஒன்னு"ன்னு இருக்குது. ஜெராக்ஸ் கடையில யாரோ தேனீ வளர்ப்புப் பயிற்சிக் கையேடு குடுத்திருக்காங்க, அதுல நாப்பது பக்கம் இதுக்குள்ள புகுந்துருச்சு. கண்ணால ஒரு தடவை பாத்திருந்தா பச்சைக் குழந்தைக்கும் தெரிஞ்சிருக்கும். போன் என்ன பண்ணும் பாவம்? குடுத்ததை எல்லாம் சேத்துக் கலக்கி, மாரய்யனைத் தேனீ வளர்க்க வெச்சிருச்சு. பதினோரு பேரும் அதைக் குடிச்சுட்டு வந்திருக்கோம்! எழுத்தாளரு தண்ணி குடிச்சாரு. "மொதல் கைப்பிரதில இருந்திருக்கலாம்"னு மெதுவாச் சொன்னாரு.

இப்பச் சிரிப்பா இருக்குதுங்க. நீங்களும் சிரிங்க. அன்னிக்கு எனக்கு உசுரே போயிருச்சு. மாடிப்படில இறங்கி ஓடினேன், செருப்பைக்கூட மாட்டல. திருமூர்த்தி முன்னாடி இப்படி ஆயிருச்சேங்கறதுதான். மத்த யாரு என்ன நெனச்சா எனக்கென்ன.

பேக்கரி வாசல்ல நின்னு மூக்கைச் சிந்திட்டு இருக்கேன், பின்னாடி செருப்புச் சத்தம். பாத்தா, என் செருப்பைக் கையில எடுத்துட்டு வர்றாரு. கீழ வெச்சாரு. வெச்சுட்டு, "நானும் போன்லதாங்க போட்டேன்"னாரு. நான் நிமிந்து பாத்தேன். சிரிக்கறாரு. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. ரெண்டு பேரும் அந்த வாசல்ல நின்னு, போற வர்ற ஜனமெல்லாம் பாக்குது, வயித்தைப் பிடிச்சுட்டுச் சிரிக்கறோம். அப்புறம் அவரு கேட்டாரு: "நீங்க சொன்னது மாரய்யனுக்கு மட்டுமா, பொதுவாச் சொன்னீங்களா?"

"பொதுவாத்தான்"ன்னேன்.

சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டாரு.

போயிட்டாருன்னா போயே போயிட்டாருங்க. ஒரு வாரம் ஆளைக் காணோம். எட்டாம் நாள் கடைக்கு வந்து ஒரு தடிக் கவரை மேசைல வெச்சுட்டு, "மெதுவாப் படிங்க. அவசரமில்ல"ன்னுட்டு, திரும்பிப் பாக்காம நடந்துட்டாரு. பிரிச்சா, கடிதம். முப்பத்தொரு பக்கம்! நாலு வார்த்தை சேந்தாப்பல பேசாத மனுஷன், முத்து முத்தா முப்பத்தொரு பக்கம்.

என்ன பண்ணினேன்னு கேக்கறீங்களா? ஒவ்வொரு பக்கமா படம் எடுத்தேன். போன்ல போட்டேன்.

அப்படிப் பாக்காதீங்க கண்ணு. தை மாசம், முகூர்த்த நேரம், கடையில நிக்க இடமில்ல. அதுவுமில்லாம ஒன்னு சொல்றேன், நீளமா எழுதினா அதுல எங்கயாவது ஒரு "ஆனால்" இருக்கும். எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்ப டாக்டருங்க நீளமாப் பேசினப்பல்லாம் ஒரு ஆனால் வந்துது. அதைத் தேடிட்டு முப்பத்தொரு பக்கம் போற தெம்பு எனக்கில்ல. போன் ரெண்டே வரில சொல்லிருச்சு: "கடிதம் எழுதியவர் உங்களை மதிக்கிறார், உங்களைத் திருமணம் செய்ய விரும்புகிறார். உங்கள் பதிலை எதிர்பார்க்கிறார்." ஆனாலே இல்ல! துணி அளந்துட்டு இருந்த மொழக்கோலைத் தூக்கி அப்படியே ஒரு சுத்து சுத்தினேன். கடையில இருந்த பொம்பளைங்க எல்லாம் மிரண்டுட்டாங்க.

அன்னிக்கு மத்தியானமே போன் பண்ணி, "சம்மதங்க"ன்னேன். அவரு ஒடனே, "முழுசாப் படிச்சீங்களா?"ன்னாரு.

"வரி வரியா"ன்னேன்.

"பதினாலாம் பக்கமும்?"

"ஆமாங்க."

"அதுக்கும் சம்மதந்தானா?"

"அதுக்குத்தாங்க மொத சம்மதமே"ன்னேன்.

மனுஷன் அழுதுட்டாருங்க. போன்லயே. எனக்குப் பெருமையா இருந்துது. வெச்சதுக்கு அப்புறந்தான் யோசிச்சேன், பதினாலாம் பக்கத்துல என்ன இருக்குதுன்னு.

நாலு நாளா அதே நெனப்புத்தான். தாரிணிகிட்ட கல்யாணம்னு சொன்னேன், குதிச்சா. பதினாலாம் பக்கத்தைச் சொல்லல, திட்டுவா. போனைக் கேட்டேன், அந்த ஒரு பக்கத்தை மட்டும் சுருக்குன்னு. "எழுதியவர் தமது நேர்மையைப் பற்றி விளக்குகிறார்"னுச்சு. நேர்மையா? என்ன பண்ணித் தொலைச்சாரு? இன்னொரு பொண்டாட்டி இருக்குதா? இல்ல, கடையை மூடச் சொல்றாரா? கண்ணு, எதை வேணா கேக்கட்டும், கடையை மட்டும் மூட மாட்டேன். ஆனா சம்மதம்னு சொல்லிட்டேனே! வரி வரியாப் படிச்சேன்னு வேற சொல்லிட்டேன். கவரைக் கையில எடுப்பேன், திரும்பப் பையில வெச்சுருவேன். இன்னிக்கு அவங்க அக்காவைப் பாக்கப் போறோம். பழனி பஸ் ஸ்டாண்டுல நிக்கறாரு. அவங்க அக்கா கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?

அதாங்க உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். நிறைய சீட்டு காலியாத்தான் இருந்துது. படிக்கறவங்களா தெரிஞ்சீங்க.

இந்தாங்க. மேல நம்பர் போட்டிருக்காரு பாருங்க, பதினாலு. சத்தமாப் படிங்க. நான் ஜன்னல்ல பாத்துக்கறேன். ம். படிங்க.

"உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். ஏழாம் மடையை நான் முழுவதும் படித்திருக்கிறேன். லூர்துமேரி டீச்சரிடம்தான் பிரதியை வாங்கிப் போய் மூன்று வாரம் படித்தேன். அதில் தேனீ இல்லை என்பது நீங்கள் பேச ஆரம்பித்தபோதே எனக்குத் தெரியும். நான் படித்தது டீச்சருக்கும் தெரியும். அவர் அன்று என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை."

இருங்க. இருங்க. என்னது? மறுபடியும் அந்த மொத வரியைப் படிங்க. முழுவதும்னா? ஆயிரத்து நூத்தியெண்பதுமா? சரி, மேல போங்க. நான் ஒன்னும் அழல, ரோடு வேலைப் புழுதி. போங்க.

"நீங்கள் திட்டிய மாரய்யன் அந்த நாவலில் இல்லை. ஆனால் மனைவியை இழந்து ஆறு வருடமாகக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன் அந்த ஹாலில் இருந்தான். அவனை யாரும் அதுவரை திட்டியதில்லை. டீச்சர் பக்கம் கேட்டபோது நீங்கள் தனியாக நின்றுகொண்டிருந்தீர்கள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பிறகு நீங்கள் வெட்கப்படக் கூடாது என்று வாசலில் இன்னொரு பொய்யும் சொன்னேன். பொய்யில் ஆரம்பித்தவனோடு வாழச் சம்மதமா என்று யோசித்துச் சொல்லுங்கள்."

அடப்பாவி மனுஷா.

படிச்சிருக்காருங்க! நான் படிக்காம படிச்சேன்னு பொய் சொன்னேன், இவரு படிச்சுட்டுப் படிக்கலைன்னு பொய் சொல்லியிருக்காரு. இதையா அந்தப் போன் நேர்மையைப் பத்தி விளக்குறாருன்னு சொல்லுச்சு? இதையா? ஊரு முன்னாடி முட்டாளா நின்னிருக்காரு எனக்காக. முப்பத்தொரு பக்கத்துல இதை ரெண்டு வரிக்குள்ள சேக்கத் தோணலையா அதுக்கு?

குடுங்க, குடுங்க இப்படி. மத்த பக்கத்துல எல்லாம் என்னென்ன எழுதி வெச்சிருக்காரோ. என் கண்ணாடி எங்க? இந்தா இருக்கு. ஒன்னாம் பக்கம். "மதிப்பிற்குரிய வசுமதி அவர்களுக்கு, சோளத்தட்டு நிறத்தை நீங்கள் எடுத்துக் கொடுத்த அன்றைக்கே." கண்ணு, தப்பா நெனக்காதீங்க, கொஞ்ச நேரம் பேசாம வர்றீங்களா? நான் படிக்கணும்.

என்னங்க? பழனியா? அதுக்குள்ளயா வந்துருச்சு? பன்னெண்டாம் பக்கந்தான் ஆச்சு. நீங்க இறங்குங்க, பாத்துப் போங்க, நான் வரல. கண்டக்டர் தம்பி, இந்த பஸ்ஸை மறுபடி எப்ப எடுப்பீங்க? அரை மணியா? போதும் போதும், உக்காந்திருக்கேன்.

அதோ, அதோ நிக்கறாரு பாருங்க. ஊதாக் கட்டம் போட்ட சட்டை. பாக்கு கலரு பேன்ட்டுக்கு அது சேரவே இல்ல. ஏனுங்க! இங்க, ஜன்னல்ல! வந்துட்டேன், வந்துட்டேன். நீங்க அந்தக் கடையில ஒரு டீ சொல்லி உக்காருங்க.

இன்னும் பத்தொம்பது பக்கம் இருக்குதுங்க. முடிச்சுட்டுத்தான் இறங்குவேன்.